இரண்டாவது விசில்

'கடைசி ஆள் படியில கால் வச்சானான்னு பார்க்காம ரெண்டாவது விசில் ஊதுறவன்' என்று அப்பா தொடங்குவார், டிப்போ வாசலில், வாயிற்கூட்டத்தில், ஒரு கை மைக்கிலும் ஒரு கை அக்குளில் இடுக்கிய தோல்பையிலுமாக. தொடங்கிவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். அந்த நிறுத்தம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, மைக்கின் கரகரப்பு, பின்னால் ஏதோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற உறுமல், காக்கிச் சட்டைகளின் வியர்வை வாசனை எல்லாம் இருக்கிறது, வாக்கியத்தின் மறுபாதி மட்டும் இல்லை. ஊதுறவன் என்ன? கண்டக்டர் இல்லை என்றா, மனுஷனே இல்லை என்றா? தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தேட வேண்டியது அது இல்லை என்று தெரிந்தும். கதவுக்கு உள்ளே அப்பா, ஓய்வுபெற்ற கண்டக்டர் தணிகாசலம், பக்கவாதத்தில் பேச்சு போய், வலது பக்கம் போய்ப் படுத்திருக்கிறார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் பேருந்து வாரியத்தின் நலப்பிரிவு அதிகாரி வரதன். அவர் மடியில் ஒரு கோப்பு, சட்டைப் பையில் ஒரு மை டப்பா. வட்டமான தகர டப்பா, பையின் துணியில் அதன் விளிம்பு தெரிகிறது. அப்பாவின் இடது கைப் பெருவிரலுக்காக அது வந்திருக்கிறது. ஐந்து மணிக்குக் கதவு திறக்கும், ஒருவர் உள்ளே போகலாம், வாரியத்து ஆள் வந்தால் இரண்டு பேர் போகலாம் என்று யாரோ அனுமதி வாங்கியிருக்கிறார்கள். கதவுக்கு முன்னால் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. என்னுடையதில் ஒன்று கவிழ்ந்திருக்கிறது, எழுந்து போய் அதைத் திருப்பிப் போட வேண்டும் போலவும் அதைத் தொடக் கூடாது போலவும் இருக்கிறது.

வரதன் கெட்டவர் இல்லை, கஷ்டம் அதில்தான் இருக்கிறது. வந்ததும் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார், 'நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் சார்' என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அப்புறம்தான் கோப்பைத் திறந்தார். 'நிர்ப்பந்தம்னு நினைக்காதீங்க சார். வாரியத்து மேல கேஸ் போட்டவருக்கு வாரியமே எப்படி சார் மருத்துவ அட்டை கொடுக்கும்? வாபஸ் ஆயிடுச்சுன்னா நல்லெண்ணத்துல இன்னிக்கே ஆன் பண்ணிடுவாங்க. இங்கேர்ந்தே போன் போடுறேன். சாயங்காலமே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.' ஆன் பண்ணிடுவாங்க. எங்கேயோ ஓர் அறையில் ஒரு சுவிட்ச், அதைத் தட்டினால் அப்பாவின் கழுத்து நரம்பில் ரத்தம் ஓடும். போன வருஷம் அதே சுவிட்சைத்தான் அணைத்தார்கள், ஓய்வு பெற்ற எல்லாருடைய மருத்துவ அட்டையையும் ஒரே நாளில், பென்ஷனில் ஏற வேண்டிய பஞ்சப்படியையும் சேர்த்து, ஓய்வு பெற்றவர்கள் ஊழியர்கள் என்ற சொல்லுக்குள் வர மாட்டார்கள் என்று ஒரு சுற்றறிக்கை. சங்கத்தின் பெயரில் அப்பா வழக்குப் போட்டார், செயலாளர் என்ற முறையில். அப்பா திரும்பப் பெற்றால் சங்கம் திரும்பப் பெற்றது, எல்லாருக்கும் முடிந்தது. வியாழக்கிழமை தீர்ப்பு. நமக்குச் சாதகமாகத்தான் வரும் என்று வக்கீல் போனில் சொன்னபோது அவர் குரலில் சிரிப்பு இருந்தது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை இந்த மை டப்பா. வியாழன் வரை காத்திருக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். எனக்கு அவர் இங்கிலீஷில் சொன்னார், அப்பாவின் பழைய கூட்டாளி கலியமூர்த்தி மாமாவுக்குத் தமிழில் சொன்னார். இங்கிலீஷில் சொன்னதில் சதவீதம் இருந்தது, அடைப்பு இருந்தது, அடுத்த தாக்குதல் இன்று ராத்திரியும் வரலாம் என்பது இருந்தது. தமிழில் சொன்னதில் 'பார்க்கலாம் பெரியவரே' மட்டும் இருந்தது. பத்தாவது வரை தமிழிலும் அப்புறம் இங்கிலீஷிலும் படித்தவன் நான், எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே பயமாகக் கேட்டன.

பணம் கட்டினால் அட்டை வேண்டாம், அதுவும் தெரிந்ததுதான். மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்துப் புதுப்பித்து இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வருஷம் திரும்பி வந்தவன் நான், கையில் இருந்ததெல்லாம் இந்த வாரம் இந்தக் கட்டடத்துக்குள் போய்விட்டது. ஊர் திரும்பிய அன்று அப்பா கேட்டார், 'உனக்கு பென்ஷன் எவ்வளவுடா?' இல்லைப்பா என்றேன். 'அப்ப இத்தினி வருஷம் நீ பாத்தது வேலை இல்ல, விருந்தாளியா இருந்துட்டு வந்திருக்க' என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். இன்னொரு வழியும் இருக்கிறது. சென்னையில் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் இதே ஆபரேஷனைக் காசில்லாமல் செய்வார்கள், படுக்கை இருக்கிறது, கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று காலையில் சொன்னார்கள். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இங்கே கடலூரிலிருந்து அத்தனை தூரம், வழியில் குலுங்கினால், ஒரு பிரேக் சரியாகப் போடாவிட்டால், அடைத்திருக்கிற அந்தச் சின்ன ரத்தக்கட்டி கழுத்திலிருந்து கிளம்பி மேலே போனால். டாக்டர் அந்த இடத்தில் வாக்கியத்தை முடிக்கவில்லை, விரலை மட்டும் தன் கழுத்திலிருந்து நெற்றிக்கு ஓட்டிக் காட்டினார். அந்த விரல் என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, பண்ருட்டி தாண்டி, விழுப்புரம் தாண்டி, ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு துள்ளு துள்ளிக்கொண்டு. அப்பா பாதி வாழ்க்கையை நின்றுகொண்டே கடந்த சாலைகள். சீசனில் வண்டி மேலே பலாப்பழமாக அடுக்கியிருக்கும், லக்கேஜ் டிக்கெட் கிழிக்க ஏணியில் தொங்கிக்கொண்டு போவார், வீட்டுக்கு வந்தால் சட்டையில் பலாவாசனை, அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். இப்போது இந்த வராந்தாவில் பினாயில் வாசனை. மூக்கை நான் பொத்திக்கொள்ளவில்லை, பொத்தினால் வேறு ஏதாவது வாசனை வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

விசிலைக் கண்டுபிடித்தது கலியமூர்த்தி மாமா. அப்பாவின் விருத்தாசலம் வண்டிக்கு டிரைவர், அப்பாவோடு சேர்ந்தே ஓய்வு பெற்றவர். பேச்சு போன மறுநாள் அப்பாவின் இடது கை கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது, நான் வலிப்பு என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட ஓடினேன், மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார், 'எங்க ஓடுற, உங்கப்பன் விசில் குடுக்குறாண்டா மாப்ள' என்றார். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். தண்ணி வேணுமாப்பா, இரண்டு. லைட்டை அணைக்கட்டுமா, ஒன்று. அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா, கொஞ்ச நேரம் கழித்து, ஒன்று. அந்த ஒன்றை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இன்று காலைப் பார்வை நேரத்தில் குனிந்து காதுக்குப் பக்கத்தில் கேட்டேன், அப்பா, வாரியத்துலேர்ந்து வந்திருக்காங்க, கேஸை வாபஸ் வாங்கினா ஆபரேஷன் பண்ணிடலாம், கைநாட்டு வச்சுடலாமா? அவர் கண் என்னைப் பார்த்ததா, எனக்குப் பின்னால் இருந்த மானிட்டரைப் பார்த்ததா தெரியாது. கை கம்பிக்குப் போனது. ஒரு தட்டு. அடுத்த தட்டுக்கு விரல் மேலே எழும்பியது, எழும்பியதை நான் பார்த்தேன், பார்த்ததாகத்தான் நினைக்கிறேன், அதற்குள் நர்ஸ் வந்து 'கையைக் குடுங்க தாத்தா' என்று எடுத்து ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டாள். பட்டை காற்றடைத்துப் புடைத்தது, விரல்கள் வெளுத்தன, அப்புறம் காற்றிறங்கி அவள் கையை விட்டபோது அது போர்வைக்கு மேல் கிடந்தது, கிடந்த இடத்திலிருந்து மெதுவாக அக்குள் பக்கம் போய்ப் பையைத் தேடியது. பை இல்லை. அப்படியே நின்றுவிட்டது. எழும்பிய விரல் இரண்டாவது விசிலுக்கு எழும்பியதா, இல்லை தட்டிய பிறகு எல்லார் விரலும் எழும்பத்தானே செய்யும், எழும்பாமல் கம்பியிலேயே ஒட்டிக்கொண்டா இருக்கும்? ஒன்று என்றால் நிறுத்து. எதை நிறுத்து? கைநாட்டை நிறுத்து என்றா, கேஸை நிறுத்து என்றா? பஸ்ஸில் ஒற்றை விசில் என்றால் யாரோ இறங்க வேண்டும் என்று அர்த்தம். யார் இறங்க வேண்டும்? மத்தியானத்திலிருந்து அந்த விரல் எழும்புவதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், வகுப்பில் பையன்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்டுவதுபோல, ஒவ்வொரு தடவையும் உச்சியில் போய் நிற்கிறது, கீழே வர மாட்டேன் என்கிறது.

அந்தப் பெருவிரலில் ரேகையும் இல்லை. வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டப் போவார்களே, அந்த நேர்காணல், அப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் அது ஒரு திருவிழா, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டு வருவார்கள். இந்த வருஷம் மெஷினில் விரலை வைக்கச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று ஒரே சண்டை. கடைசியில் வைத்தார். பொருந்தவில்லை என்றது மெஷின். திரும்ப வைத்தார், திரும்பப் பொருந்தவில்லை. அத்தனை காலம் டிக்கெட் தள்ளித் தள்ளி ரேகை தேய்ந்துவிட்டது. கலியமூர்த்தி மாமா வரிசைக்கே கேட்கிற மாதிரி, 'தணிகாசலம், நீ செத்து ரொம்ப நாளாச்சாம்ப்பா, மெஷினே சொல்லுது, வீட்ல சொல்லலியா?' என்றாராம். அப்பா அதை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உயிரோடு இருப்பதற்கு ஒத்துக்கொள்ளாத அந்த விரல் வாபஸுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளும். வெறும் நீல வட்டமாக விழுந்தாலும் போதும், பக்கத்தில் சாட்சி என்று என் பெயர் இருக்கும். வைப்பது எப்படி என்றும் வரதன் சொல்லிவிட்டார், 'நீங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கங்க சார், நான் பேப்பரைப் பிடிச்சுக்கறேன்.' மணிக்கட்டை. அப்பாவின் மணிக்கட்டை நான் கடைசியாக எப்போது பிடித்தேன்? சில்வர் பீச்சில், நான்காவது ஐந்தாவது படிக்கும்போது, அலை இழுக்கிறது என்று நான் கத்த, அவர் என் கையைப் பிடித்திருந்தார், நான் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். போன் அடித்தது. அம்மா. 'மாறா, அந்த ஆள் வந்துட்டானா?' வந்திருக்கார்மா, பக்கத்துலதான் இருக்கார். 'அப்புறம் என்ன யோசிச்சுக்கிட்டு இருக்க? கையப் பிடிச்சு வச்சுடு.' அப்பா என்ன சொல்வாரோம்மா. 'எழுந்து கத்துவாரு. கத்தட்டும். சங்கத்தை வித்துட்டீங்களேன்னு ஊரே கேக்குற மாதிரி கத்தட்டும்டா, கத்துனா போதும் எனக்கு.' அப்புறம், 'சாப்பிட்டியா' என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். வரதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்காதவர் மாதிரி கோப்பின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார், அவிழ்த்துக் கட்டினார்.

கலியமூர்த்தி மாமா பிளாஸ்கோடு வந்தார். வரதனைப் பார்த்ததும், 'என்னய்யா வரதா, பொழுதோட வந்து துண்டு போட்டு சீட்டுப் பிடிச்சுட்ட போலருக்கு' என்றார். வரதன் எழுந்து நின்று, 'உக்காருங்கண்ணே' என்றார், உட்கார்ந்தார் மாமா, மூன்று பேருக்கும் டீ ஊற்றினார், வரதனுக்கு முதலில். அத்தையைப் பற்றிக் கேட்டேன். மங்கவரத்தம் அத்தைக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அட்டை நின்றதிலிருந்து இரண்டு நாள். 'கால் வீங்கிக் கெடக்கு. செருப்பு ஏற மாட்டேங்குது, என் செருப்பைப் போட்டுக்கிட்டுத் திரியிறா. நான் வெறுங்காலோட வந்தேன்' என்றார். பார்த்தேன், வெறும் கால்தான், பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் குவிந்து கிடக்கும் செருப்புகளில் இவருடையது இல்லை. தானாகவே சொன்னார், டீயைப் பார்த்துக்கொண்டு, 'நான் சொல்றதக் கேளு மாப்ள. வச்சுடு. கேஸ் போனா இன்னொரு கேஸ். அவன் போனா? வச்சுடு. எங்களப் பாக்காத.' அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். வைக்காதே என்று கத்தியிருந்தாலும் எனக்கு மூச்சு வந்திருக்கும். வியாழக்கிழமை வரை வந்துவிட்ட ஒரு வண்டியிலிருந்து, கையில் பிளாஸ்கோடு, வெறுங்காலோடு, தானே இறங்கிக்கொள்கிறேன் என்கிறார். வாயில் டீ கசந்தது. எதையாவது பேச வேண்டும் என்று அதைக் கேட்டேன், மாமா, அப்பா கேட் மீட்டிங்ல சொல்வாரே, கடைசி ஆள் படியில கால் வச்சானான்னு பார்க்காம ரெண்டாவது விசில் ஊதுறவன்னு, அதை எப்படி முடிப்பார்? 'அதுவா? அவன் கிட்ட இருக்கறது விசில் இல்ல, பீப்பின்னு முடிப்பான். கூட்டமே சிரிக்கும். அதுக்காகத்தான் அந்த நிறுத்து நிறுத்துவான், படவா.' பீப்பி. திருவிழாவில் விற்கிற பீப்பி. நான் மனுஷன், தர்மம் என்றெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது, டீ கொஞ்சம் வேட்டியில் சிந்தியது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டேன், காலையில ஒரு தட்டுதான் தட்டினார் மாமா, இன்னொண்ணுக்கு விரலைத் தூக்கின மாதிரி இருந்துச்சு, அஞ்சு மணிக்குத் திரும்பக் கேக்கட்டுமா? மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'கேளேன். ரெண்டு குடுத்தா?' மாமாவே தொடர்ந்தார். 'உளுந்தூர்ப்பேட்டையில ஒரு தடவ உங்கப்பன் ரெண்டு விசில் குடுத்துட்டான், நான் எடுக்கல. ஏன்டா எடுக்கலேன்னு பின்னாலேர்ந்து திட்டுறான், பாசஞ்சர் திட்டுறான். முன்னாடி சக்கரத்துக்கிட்ட ஒரு ஆட்டுக்குட்டி நிக்குது. அவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் பாக்கறது படி. ரோட்டப் பாக்கறவன் நான்தான? விசிலு ஊதிட்டான்னு ஏத்திட்டுப் போயி, அவன் ஊதுனான் சார்னு போலீஸ்ல சொல்ல முடியுமா?' அதை உபதேசமாகச் சொல்லவில்லை. அந்த ஆட்டுக்குட்டிக்காக அப்பா தன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்ற பழைய வழக்கைத் தொடர்ந்து வரதனிடம் வாதாட ஆரம்பித்துவிட்டார். எனக்குள் மட்டும் மத்தியானத்திலிருந்து உச்சியில் நின்றிருந்த விரல் ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தது, அதைப் பார்ப்பதை நான் நிறுத்தினேன். இரண்டாவது தட்டு வந்திருந்தால் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் காட்டியிருப்பேன், சங்கத்தில் காட்டியிருப்பேன், அப்பாதான் தட்டினார் என்று ஆயுசுக்கும் காட்டிக்கொண்டிருப்பேன். ஒன்று தெளிவாக ஒன்றாகவே விழுந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன், வழியில் அவருக்கு ஏதாவது ஆனால் அவர்தான் நிறுத்தச் சொன்னார் என்று. ரோட்டைப் பார்க்க வேண்டியவன் இப்போது நான். விழுப்புரம் தாண்டி அந்த வேகத்தடை. டாக்டரின் விரல். அத்தையின் காலில் மாமாவின் செருப்பு. கத்துனா போதும் என்ற அம்மாவின் குரல். எதுவும் எதற்கும் பதிலாக இல்லை, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இருந்தன, எதுவும் நகரவில்லை. சென்னைக்குப் போற ஆம்புலன்ஸில் முன்னாடி நீங்க உக்காருவீங்களா மாமா என்று கேட்டேன். அவர் ஆட்டுக்குட்டியைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு பிளாஸ்க் மூடியைத் திருகினார், திருகி முடித்த பிறகும் திருகினார். 'பள்ளம் எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்' என்றார், மிகவும் மெதுவாக.

கதவு திறந்தது. வரதன் எழுந்து மை டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து, காய்ந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, 'வாங்க சார்' என்று என்னிடம் நீட்டினார். நான் மூடியை மூடி அவர் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டேன். நர்ஸிடம் போய், நோயாளியை எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்ற தாளைக் கேட்டு வாங்கி, மகன் என்று அச்சிட்ட இடத்துக்கு நேராக, த. மணிமாறன் என்று தமிழில் கையெழுத்துப் போட்டேன்.